பெட்ரோல் எஞ்சின் ஓடுகிறதா? காதை மட்டும் நம்பாதீர்கள்!

பழைய காராக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். எஞ்சின் ஓடினால் சத்தம் வரும். இருக்கை லேசாக நடுங்கும். பின்னால் புகைக்குழாய் படபடக்கும். வீட்டுக்குள் இருந்தபடியே தாத்தா, “இன்னும் காரை அணைக்கலையா?” என்று குரல் கொடுத்துவிடுவார்.

பிளக்-இன் ஹைபிரிட் காரில் தாத்தாவின் காது தோற்றுப்போகும். இந்தக் காரில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கிறது, மின்மோட்டாரும் இருக்கிறது, வீட்டு மின்சாரத்தில் நிரப்பக்கூடிய பெரிய பேட்டரியும் இருக்கிறது. பேட்டரியில் மின்சாரம் உள்ளவரை கார் பெரும்பாலும் எஞ்சினைத் தொடாமலேயே ஓடும். ஆனால் எப்போது எஞ்சினை எழுப்புவது, எப்போது தூங்க வைப்பது என்பதை ஓட்டுநர் முடிவு செய்வதில்லை. காருக்குள் இருக்கும் கணினிதான் முடிவு செய்கிறது. ஓட்டுநருக்கே பல நேரம் அது தெரிவதில்லை.

தெரியாவிட்டால் என்ன? மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓய்வுப் பகுதியில் காரை நிறுத்தி, குளிர்சாதனத்தை ஓடவிட்டுத் தூங்கும் ஓட்டுநர் ஒருவர். பட்டறையில் போனட்டைத் திறந்து உள்ளே கை வைக்கும் மெக்கானிக் ஒருவர். மூன்றாமவர் சிங்கப்பூரில் அமலாக்க அதிகாரி. அங்கே போக்குவரத்துக் காரணமின்றி, நிறுத்திய வாகனத்தின் எஞ்சினை ஓடவிடுவது குற்றம். அவர் முன்னால் ஒரு பிளக்-இன் ஹைபிரிட் கார் மெல்ல முனகிக்கொண்டு நிற்கிறது. முனகுவது எஞ்சினா, குளிர்சாதனமா? முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் அது உயிர் பற்றிய கேள்வி.

மூன்று நிலைகள்

சாதாரணக் காரில் எஞ்சினுக்கு இரண்டே நிலைதான்: ஓடுகிறது, நிற்கிறது. ஹைபிரிட் காரில் மூன்றாவதாக ஒன்று உண்டு. எஞ்சின் சுழலும்; ஆனால் பெட்ரோல் எரியாது.

சாதாரணக் காரை முடுக்கும்போது ‘கிர்ர்... கிர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஸ்டார்ட்டர் எனப்படும் சிறிய மோட்டார் எஞ்சினைத் திணறித் திணறித் திருப்பும் சத்தம். ஹைபிரிட் காரில் அந்த வேலையைச் செய்வது பல மடங்கு வலுவான மின்மோட்டார். டொயோட்டா முறையில் ஜெனரேட்டராகவும் வேலை செய்யும் ஒரு மோட்டார், எஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் சுற்று வேகத்துக்குச் சட்டென்று கொண்டுபோய்விடும். அதன் பிறகே பெட்ரோல் தெளிக்கப்படும், தீப்பொறி விழும். திணறல் இல்லை, உதறல் இல்லை. எஞ்சின் விழித்த அந்தக் கணத்தைக் காது தவறவிடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

எரியாமல் சுழலும் நிலைக்கு ஒரு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. கெந்திங் மலைக்குச் சென்ற ஒரு குடும்பம், மேலே விடுதியில் காருக்கு இரவு முழுக்க மின்னேற்றம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பேட்டரி நிரம்பி வழிகிறது. இப்போது இறக்கம். வழக்கமாக இறக்கத்தில் மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். எவ்வளவு ஆற்றல்? பள்ளியில் படிக்கும் சூத்திரமே போதும். காரும் ஆட்களும் சேர்ந்து 1,800 கிலோகிராம், உயர வேறுபாடு 1,000 மீட்டர் என்றால், ஈர்ப்பு நிலையாற்றல் 1,800 × 9.8 × 1,000. அதாவது ஏறக்குறைய 1 கோடியே 76 லட்சம் ஜூல். மின்கட்டண ரசீதின் மொழியில் சொன்னால் 4.9 கிலோவாட் மணி. இதில் ஒரு பகுதி காற்றுத்தடையிலும் உருள்தடையிலும் போய்விடும். மீதியும் கொஞ்சமல்ல. நிரம்பிய பேட்டரிக்குள் அதைத் திணிக்க இடமில்லை.

அப்போது கணினி ஒரு தந்திரம் செய்கிறது. தேவையில்லாத அந்த மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றுகிறது. பெட்ரோல் ஊசிகள் மூடியே இருக்கும். எஞ்சின் வெறும் காற்றை இழுத்து, அழுத்தி, வெளியே தள்ளும். ஆற்றல் வெப்பமாகக் கரையும். பிரேக் தகடுகளும் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தப்பிக்கும். காருக்குள் இருப்பவர்களோ, “பேட்டரிதான் நிறைய இருக்கிறதே, ஏன் எஞ்சின் இப்படி உறுமுகிறது? பெட்ரோல் வீணாகிறதே!” என்று கவலைப்படுவார்கள். ஒரு சொட்டுப் பெட்ரோலும் எரிந்திருக்காது.

ஆகவே ‘எஞ்சின் ஓடுகிறதா?’ என்று கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கை மாட்டிக்கொள்ளுமா என்று பயப்படும் மெக்கானிக்குக்குச் ‘சுழல்கிறதா’ என்பது முக்கியம். புகையைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு ‘எரிகிறதா’ என்பதுதான் முக்கியம்.

கேட்காமலே விழிக்கும் எஞ்சின்

பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் விழிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேறு காரணங்களும் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதற்கு மிதியை ஆழமாக அழுத்தினால், மின்மோட்டாரின் திறன் மட்டும் போதாமல் எஞ்சினும் கைகொடுக்க வரும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில், காருக்குள் சூடேற்றுவதற்காகவே எஞ்சினை எழுப்பும் கார்கள் உண்டு. அந்தத் தொல்லை நமக்கு இல்லை. நமக்கு வேண்டியது குளிர்ச்சி. அதைத் தரும் கம்ப்ரசர் இந்தக் கார்களில் மின்சாரத்திலேயே இயங்குகிறது.

மிகவும் விநோதமான காரணம் எதுவென்று கேட்டால், செவர்லே வோல்ட் காரை நான் சொல்வேன். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார் அது. தினமும் மின்னேற்றம் செய்து, குறைந்த தூரமே ஓட்டுபவர்கள் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தொடாமல் இருந்தார்கள். இதனால் இரண்டு சிக்கல்கள் வரும் என்று பொறியாளர்கள் முன்பே யோசித்திருந்தார்கள். ஓடாத எஞ்சினுக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும். தொட்டியில் கிடக்கும் பெட்ரோலும் பழசாகும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் குறையும், மிச்சம் உயிர்வளியுடன் வினைபுரிந்து பிசின் போன்ற படிவை உண்டாக்கும். அதனால் ஏறக்குறைய ஆறு வாரம் எஞ்சின் ஓடாமலே இருந்தால், பராமரிப்புக்காக எஞ்சினை ஓட்டலாமா என்று கார் திரையில் அனுமதி கேட்கும். தொட்டியில் உள்ள பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டைத் தாண்டினால், அதை எரித்துத் தீர்ப்பதற்காகவே எஞ்சினை ஓட்டும். பெட்ரோலுக்கு வயது கணக்கிடும் கார்!

இன்னொரு சுவையான விஷயம் பெட்ரோல் தொட்டியின் மூடி. சாதாரணக் காரில் பெட்ரோல் ஆவியைக் கரித்தூள் நிரப்பிய ஒரு பெட்டி பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். எஞ்சினே ஓடாத காரில் யார் உறிஞ்சுவது? அதனால் பல பிளக்-இன் கார்களின் தொட்டி அழுத்தத்தைத் தாங்கும்படி இறுக மூடப்பட்டிருக்கும். நிலையத்தில் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தம் குறையும்வரை சில நொடி காத்திருக்க வேண்டும். எண்ணெய் நிலையத்தில் யாராவது காரின் மூடியை வெறித்துப் பார்த்தபடி சும்மா நின்றால், அவர் ஓட்டுவது ஒருவேளை இதுவாக இருக்கலாம்.

காதை ஏமாற்றும் சத்தங்கள்

எஞ்சின் நின்றிருக்கும்போதும் இந்தக் கார் முழு அமைதியாக இருப்பதில்லை. குளிர்சாதனக் கம்ப்ரசர் முனகும். அது போனட்டுக்குள் இருப்பதால் எஞ்சின் சத்தம்போலவே தோன்றும். மின்னேற்றம் நடக்கும்போதுகூட, பேட்டரியைக் குளிர்விக்கக் காற்றாடி சீறும். கார் மெதுவாக நகரும்போது ஒரு வகை ரீங்காரம் கேட்கும். அது வேண்டுமென்றே ஒலிபெருக்கியில் எழுப்பப்படுவது. சத்தமில்லாமல் வரும் காரைப் பார்வையற்றவர்களும் குழந்தைகளும் கவனிக்க முடியாது என்பதால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம்வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்பது ஐநாவின் 138-ஆவது வாகன விதிமுறை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் இது கட்டாயம்.

கார் ஓடும்போது வேறு வகைக் குழப்பம். மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஜப்பானில் அறிமுகமானது. அதன் முன் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், பின் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார். பேட்டரி குறைந்ததும் எஞ்சின் விழிக்கும். ஆனால் நகர வேகத்தில் அது சக்கரத்தோடு இணைவதே இல்லை. ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் மட்டும் தரும். நெடுஞ்சாலை வேகத்தில்தான் ஒரு கிளட்ச் எஞ்சினை நேரடியாக முன் சக்கரங்களோடு சேர்க்கும். ஆகவே நகரத்தில் காரின் வேகம் கூடும்போது எஞ்சின் சத்தம் கூடாமல் இருக்கலாம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் உறுமலாம். வேகத்துக்கும் சத்தத்துக்கும் இருந்த பழைய உறவை நம்பி வளர்ந்த நம் காதுக்கு இது புதுப் பாடம்.

கண்ணுக்கும் இதே நிலைதான். காரின் அடியில் தண்ணீர் சொட்டினால் எஞ்சின் ஓடுகிறது என்று சிலர் நினைப்பார்கள். காரின் நடுப்பகுதியிலோ முன்பகுதியிலோ சொட்டுவது குளிர்சாதனம் காற்றிலிருந்து பிரித்த ஈரம். நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. பின்னால் புகைக்குழாயின் நுனியில் சொட்டினால் மட்டுமே அது பெட்ரோல் எரிந்ததற்குச் சாட்சி. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் உயிர்வளியோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் 2.3 கிலோகிராம் கரிவளியும் உண்டாகும். குழாய் இன்னும் சூடாகாத முதல் சில நிமிடங்களில் நீராவி அதன் உள்சுவரில் குளிர்ந்து சொட்டும். குழாய் சூடேறிய பிறகு அந்தச் சொட்டும் நின்றுவிடும். நம் வெப்பத்தில் வெள்ளைப் புகையும் தெரியாது. சொட்டு இல்லை என்பதால் எஞ்சின் ஓடவில்லை என்று சொல்லவும் முடியாது.

விளக்கு சொல்வது என்ன?

அப்படியானால் டாஷ்போர்டைப் பார்த்தால் போதாதா? போதும், அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால்.

‘ரெடி’ என்ற விளக்கு எரிந்தால் கார் புறப்படத் தயார் என்று பொருள். எஞ்சின் ஓடுகிறதா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. எஞ்சின் நின்றிருக்கலாம், அடுத்த நொடி தானாகவே விழிக்கலாம். பிஎம்டபிள்யூவின் சில பிளக்-இன் கார்களில் எஞ்சின் சுற்றுவேகத்தைக் காட்டும் முள், எஞ்சின் அணைந்ததும் சுழியத்துக்கும் கீழே இறங்கி இந்த ‘ரெடி’ என்ற இடத்தில் போய் நிற்கும். அதை நல்ல வடிவமைப்பு என்பேன். ‘நான் தூங்குகிறேன், செத்துவிடவில்லை’ என்று முள்ளே சொல்கிறது.

‘ஈவி’ என்ற விளக்கில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சில கார்களில் அந்த விளக்கு, நீங்கள் மின்சார முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டும். வேறு சில கார்களில், இந்த நொடி எஞ்சின் நின்றிருக்கிறது என்பதைக் காட்டும். முதலாவது உங்கள் விருப்பம்; இரண்டாவது காரின் நிலை. மின்சார முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும் மிதியை ஆழமாக அழுத்தினால் எஞ்சின் வந்துவிடும். விருப்பத்தைக் காட்டும் விளக்கு சில கார்களில் அப்போதும் எரிந்துகொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுக் காரில் எது என்பதை அதன் கையேட்டைப் புரட்டித்தான் அறிய முடியும். புதுக் கார் வாங்கியவர்கள் யாரும் புரட்டாத புத்தகம் அது!

கைப்பேசியே ஆய்வுக்கருவி

இப்போது நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. காதுக்குப் பிடிபடாததை எண்களால் பிடிக்கலாம்.

நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடினால் நொடிக்கு 20 சுற்று, ஆக நொடிக்கு 40 வெடிப்பு. அதாவது 40 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டர் எஞ்சினாக இருந்தால் அதே வேகத்தில் 30 ஹெர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்று படித்திருப்பீர்கள். ஆனால் 30, 40 ஹெர்ட்ஸ் பகுதியில் நம் காது மிகவும் மந்தம். கம்ப்ரசர் முனகலும் சாலைச் சத்தமும் சேர்ந்தால் அந்த மெல்லிய தாழ்ந்த ஒலி முழுவதும் மறைந்துவிடும்.

உங்கள் கைப்பேசிக்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கிறது. திரையைத் திருப்பினால் படம் திரும்புவது அதனால்தான். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி அந்த உணரியின் அளவீட்டை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும். செயலியில் முடுக்க நிறமாலை என்ற பகுதியைத் தேடுங்கள்.

சோதனையைத் திறந்த வெளியில், பெற்றோர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். கார் நிற்க வேண்டும். கைப்பேசியை இருக்கையில் வைக்காதீர்கள். பஞ்சு அதிர்வை விழுங்கிவிடும். முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கெட்டியான பிளாஸ்டிக்கின்மேல் படுக்க வையுங்கள். முதலில் எஞ்சினும் குளிர்சாதனமும் அணைந்த நிலையில் ஓர் அளவீடு. பிறகு குளிர்சாதனம் மட்டும். கம்ப்ரசரும் சுழலும் பொருள்தானே, அதற்கும் ஒரு சிறு முனை வரைபடத்தில் தோன்றலாம். அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, காரில் ‘சார்ஜ்’ என்ற பொத்தான் இருந்தால் பெற்றோர் அதை அழுத்தட்டும். எஞ்சின் விழித்துப் பேட்டரியை நிரப்பத் தொடங்கும். வரைபடத்தில் புதிதாக ஒரு கூர்முனை எழுந்தால் அதுதான் நீங்கள் தேடும் ஆள். முனை 40 ஹெர்ட்ஸில் நின்றால், சிலிண்டர் எண்ணிக்கையை வைத்து எஞ்சினின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம். சுற்றுவேக முள்ளே இல்லாத காரில்கூட!

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கைப்பேசி நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால், 50 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வை அதனால் சரியாகக் காட்ட முடியாது. 60 ஹெர்ட்ஸ் அதிர்வு 40 ஹெர்ட்ஸ்போல வேடம் போட்டு வரும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரியுமே, அதே ஏமாற்று இது. இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எரியாமல் சுழலும் எஞ்சினும் காற்றை அழுத்தி விடுவதால் அதே அதிர்வெண்ணில்தான் நடுங்கும். எரிகிறதா, வெறுமனே சுழல்கிறதா என்பதை இந்த வரைபடம் மட்டும் சொல்லாது.

அதற்குக் காரின் கணினியிடமே கேட்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ‘ஓபிடி’ என்ற செருகுவாய் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மெக்கானிக்குகள் கருவியைச் செருகுவது இதில்தான். எஞ்சின் வேகம் என்ன என்று கேட்டால் கார் இரண்டு எண்களைத் திருப்பி அனுப்பும். முதல் எண்ணை 256 ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டி, 4 ஆல் வகுக்க வேண்டும். 19, 136 என்று வந்தால்? (256 × 19 + 136) ÷ 4 = 1,250 சுற்று. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையைக் கேட்டால் ஒரே எண் வரும். அதிலிருந்து 40 கழித்தால் பாகை செல்சியஸ். 72 என்று வந்தால் 32 பாகை. அதாவது எஞ்சின் நம் ஊர்க் காற்றின் வெப்பத்தில்தான் இருக்கிறது. பல மணி நேரமாக அது எரியவே இல்லை. 130 என்று வந்தால் 90 பாகை; இப்போது நின்றிருந்தாலும் சற்று முன்புவரை எரிந்திருக்கிறது. சத்தம் மறைந்த பிறகும் வெப்பம் சாட்சி சொல்லும்.

தூங்குபவரின் கணக்கு

ஓய்வுப் பகுதியில் தூங்கும் ஓட்டுநரிடம் திரும்புவோம். அவர் கண் மூடும்போது எஞ்சின் ஓடவில்லை. காதுக்கும் தெரிகிறது, திரையும் சொல்கிறது. பேட்டரியில் 2 கிலோவாட் மணி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்சாதனம் 1 கிலோவாட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டுவிடும். அப்போது கணினி எஞ்சினை எழுப்பும், சில நிமிடம் ஓட்டும், அணைக்கும், மீண்டும் எழுப்பும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காரின் வினையூக்கி மாற்றி இந்த நச்சு வாயுவைக் கரிவளியாக மாற்றக்கூடியதுதான். ஆனால் அது ஏறக்குறைய 250 முதல் 300 பாகை வரை சூடான பிறகே ஒழுங்காக வேலை செய்யும். ஆற அமர நின்று, குளிர்ந்த நிலையில் விழிக்கும் எஞ்சினின் முதல் நிமிடம்தான் மோசமான நிமிடம். திறந்த வெளியில் புகை கலைந்துவிடும். சுவர் ஓரமாகவோ, மூடிய கார் கொட்டகையிலோ, காற்றோட்டம் குறைந்த அடித்தள நிறுத்துமிடத்திலோ அது கலையாது.

அமெரிக்காவில் சாவிக்குப் பதில் பொத்தானை அழுத்தும் கார்களை, அணைத்துவிட்டதாக நினைத்து வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் விட்டுச் சென்றவர்கள் இந்த வாயுவால் இறந்திருக்கிறார்கள். அத்தகைய கார்கள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தாமாகவே அணைய வேண்டும் என்று விதி வகுக்கும்படி 2021-இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறைக்குக் கட்டளையிட்டது. உங்கள் வீட்டில் பிளக்-இன் கார் இருந்தால் ஒன்றை மட்டும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்: இறங்கும்போது ‘ரெடி’ விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். பட்டறைக்கும் இதே விதிதான். போனட்டைத் திறக்கும் முன் காரை அணைத்து, சாவியைக் கார் உணராத தூரத்துக்கு எடுத்துச் சென்றுவிட வேண்டும்.

ஐரோப்பா எண்ணிப் பார்த்தது

ஒரு காருக்குள் விடை தேடினோம். இதே கேள்வியைப் பல லட்சம் கார்களிடம் கேட்டால் என்ன தெரியவரும்?

பிளக்-இன் ஹைபிரிட் காரை விற்கும்போது, 100 கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர் பெட்ரோலே போதும் என்று எழுதியிருப்பார்கள். பொய்யல்ல, ஆய்வகச் சோதனையின் முடிவு அது. ஆனால் அந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. உரிமையாளர் அடிக்கடி மின்னேற்றம் செய்வார், ஆகவே பெரும்பகுதித் தூரம் எஞ்சின் தூங்கும் என்ற அனுமானம். அடுக்குமாடி வீட்டில் வசிப்பவருக்குச் சொந்த மின்னேற்றி கிடைப்பது எளிதா? நிறுவனமே பெட்ரோல் செலவைக் கொடுக்கும் காரில், இரவில் மின்கம்பியைத் தேடிச் செருக ஆர்வம் இருக்குமா?

ஐரோப்பிய ஒன்றியம் ஊகத்தோடு நிற்கவில்லை. 2021 முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களில் எரிபொருள் கணக்கைப் பதியும் மானி கட்டாயம். பிளக்-இன் காரில் அந்த மானி எஞ்சின் அணைந்த நிலையில் ஓடிய தூரத்தையும், எஞ்சின் ஓட ஓடச் சென்ற தூரத்தையும் தனித்தனியாக எழுதி வைக்கிறது. நாம் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியைத்தான் அது காரின் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு திரட்டிய தகவலை ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. 2021-இல் பதிவான கார்களில், சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வக அளவைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு கூடுதல் கரிவளியை வெளியிட்டன. பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் வெளியிட்டது ஆய்வக அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு.

எஞ்சின்களில் பழுது ஏதும் இல்லை. ஆய்வகம் நினைத்ததைவிட அவை அதிக நேரம் விழித்திருந்தன, அவ்வளவுதான். மின்கம்பியைச் செருகாத ஒவ்வோர் இரவும் மறுநாள் காலை பெட்ரோலாக எரிந்திருக்கிறது. அந்தக் கிலோமீட்டர்கள் ஒவ்வொன்றும் அந்தந்தக் காரின் நினைவகத்திலேயே எழுதப்பட்டிருந்தன.